காத்துப்பையும் நாலாம் அத்தியாயமும்

எழுத்தைப் பார்த்தால் சுனிதாவுக்குக் கை சும்மா இருக்காது. கல்யாணப் பத்திரிகை, ஓட்டல் மெனு, சர்ச் அறிக்கை எதுவும் அவள் பென்சிலுக்குத் தப்பியதில்லை. செம்பூர் சேடா நகரில் அவள் குடியிருந்த கட்டடத்தின் லிஃப்டில் ஒருநாள் ஒரு நோட்டீஸ் ஒட்டியிருந்தார்கள். அதைத் திருத்திக்கொண்டே ஏழாவது மாடிவரை போய்விட்டாள். தன் வீடு மூன்றாவது மாடியில் இருப்பது அப்புறம்தான் நினைவுக்கு வந்தது.

இந்தப் பழக்கத்தையே பிழைப்பாக ஆக்கிக்கொண்டு பதினோரு வருஷம் ஆகிறது. காலையில் ஆங்கில ஆய்வேடுகளைத் திருத்துவாள். மத்தியானத்துக்கு மேல் தமிழ். சங்க மலர்கள், பள்ளிக்கூடப் பொன்விழா மலர்கள், ரிட்டயர் ஆனவர்களின் வாழ்க்கை வரலாறுகள். தொழிலில் அவளுக்கு ஒரே ஒரு கட்டுப்பாடு உண்டு. ஒருவர் எழுத்தில் படித்ததை இன்னொருவர் காதில் போடமாட்டாள். புருஷன் ஜோன்ஸிடம்கூட ஆள் பெயர் சொன்னதில்லை. அவன் ஐரோலியில் கம்ப்யூட்டர் கம்பெனியில் வேலை பார்ப்பவன். பெயர் இல்லாத கதைகளைக் கேட்டே பழகிவிட்டான்.

போன ஜூலையில், மழை அடித்து ஊற்றிய ஒரு வாரத்தில், அவளுக்கு இரண்டு வேலைகள் ஒன்றாக வந்தன.

முதலாவது மாட்டுங்காவிலிருந்து. வேங்கடசுப்ரமணியன், நாற்பத்தாறு வயது, ஒரு கல்லூரியில் சமூகவியல் கற்பிப்பவர். பிஎச்டி முடித்தால்தான் பதவி உயர்வு. தாராவித் தோல் பட்டறைகளைப் பற்றி நாலு வருஷம் ஆராய்ச்சி செய்து நானூற்றுப் பன்னிரண்டு பக்கம் எழுதி வைத்திருந்தார். செப்டம்பர் கடைசியில் சமர்ப்பிக்க வேண்டும்.

"இங்கிலீஷெல்லாம் நன்னாத்தான் இருக்கு மேடம். சாஃப்ட்வேர்ல போட்டுப் பாத்துட்டேன், ஒரு தப்பு காட்டலை. நீங்க சும்மா ஒரு பாலிஷ் போட்டுக் குடுத்தாப் போறும்" என்றார் போனில்.

சுனிதா முதல் வாக்கியத்தைத் திறந்தாள். அது அந்தப் பக்கத்தின் அடிவரை போய் அடுத்த பக்கத்தில் முடிந்தது. வினைச்சொல்லைத் தேடி மூன்று தடவை மேலும் கீழும் போய்வந்தாள். கடைசியில் ஓர் அடிக்குறிப்பில் அகப்பட்டது.

இரண்டாவது வேலை தாராவியிலிருந்து. ஆறுமுகநயினார், தொண்ணூறடி ரோட்டுக்குப் பின்னால் ஒரு சந்தில் தோல் பை தைக்கும் கார்கானா வைத்திருப்பவர். ஒரு தமிழ்ச் சங்கத்தின் துணைத் தலைவர். அக்டோபரில் அவருக்கு அறுபதாம் கல்யாணம். வருகிறவர்களுக்கெல்லாம் தாம்பூலப் பையோடு தன் வாழ்க்கை வரலாற்றையும் கொடுத்துவிடுவது என்று தீர்மானித்து ஐந்து நோட்டுகள் எழுதியிருந்தார். கம்ப்யூட்டரில் எல்லாம் அவருக்கு நம்பிக்கை இல்லை. நோட்டுகளை எண்ணெய்த் துணியில் சுற்றி, தானே ஆட்டோவில் கொண்டுவந்து கொடுத்தார்.

"பாத்து செய்யுங்கம்மா. அறுபது வருசமும் இதுக்குள்ளதான் கெடக்கு" என்றார்.

நோட்டு இப்படித் தொடங்கியது: 'கதிரவன் தன் பொற்கரங்களை நீட்டிப் புவிமகளைத் தழுவிய அந்நன்னாளில் அடியேன் அவதரித்தேன்.' அதே பக்கத்தின் கீழே, அவர் பிறந்த அன்று விடாத மழையென்றும் மருத்துவச்சி வாய்க்காலைத் தாண்ட முடியாமல் நின்றாளென்றும் இருந்தது. 'கதிரவன் எங்கிருந்து வந்தார்?' என்று சுனிதா ஓரத்தில் பென்சிலால் எழுதினாள்.

வேலை நடந்தது. வேங்கடசுப்ரமணியனிடம் ஒரு வியாதி இருந்தது. அவர் எழுத்தில் யாரும் எதையும் செய்வதில்லை, எல்லாம் தானாக நடக்கும். சொல்லப்படும், அறியப்படும், உணரப்படும். 'இயந்திரங்களின் ஒலியானது தொழிலாளர்களின் செவிப்புலன் அனுபவத்தில் ஓர் எதிர்மறைத் தாக்கத்தை ஏற்படுத்துவதாக உணரப்படுகிறது' என்ற பொருளில் ஒரு வாக்கியம். அதை அடித்துவிட்டு, 'மிஷின் சத்தத்தில் அவர்களுக்குக் காது கேட்பதில்லை' என்று எழுதி அனுப்பினாள்.

உடனே போன் வந்தது. "இவ்வளவுதானா மேடம்?"

"இவ்வளவுதானே சார் நீங்க சொல்ல வந்தது?"

"படிச்சா எனக்கே புரியறது" என்றார், குறைப்பட்டுக்கொள்கிற குரலில். ஆனால் அடுத்த வாரம் அவர் திருத்தி அனுப்பிய இரண்டாம் அத்தியாயத்தில் முப்பது பக்கம் காணாமல் போயிருந்தது.

நாலாம் அத்தியாயம்தான் ஆய்வேட்டின் உயிர் என்று அவர் முன்கூட்டியே சொல்லியிருந்தார். 'காற்றுப்பை: அமைப்புசாராத் தொழிலில் இழப்பை அடக்கும் சடங்கு.' தாராவிப் பட்டறைகளில் புதுத் தொழில் தொடங்கும்போது ஒரு பையைத் தைத்து, உள்ளே எதுவும் வைக்காமல், அமாவாசையன்று வாயைத் திறந்து சுவரில் மாட்டுவார்கள். வரப்போகும் நஷ்டமெல்லாம் அதற்குள் இறங்கிவிடும். மறுநாள் காலையில் ஜிப்பை இழுத்து மூடிவிடுவார்கள். பிறகு யாரும் திறக்கக் கூடாது. இதற்கு அறுபத்தெட்டுப் பக்கம், நாலு வரைபடம், வெளிநாட்டுப் பழங்குடிகளோடு ஓர் ஒப்பீடு. தகவல் சொன்னவர் பெயர் ஆய்வு முறைப்படி மறைக்கப்பட்டிருந்தது. 'பதிலளித்தோர் 14' என்று மட்டும் இருந்தது.

சுனிதாவுக்கே சுவாரசியமாகத்தான் இருந்தது. அன்று மத்தியானம் சாப்பிட்டுவிட்டு நயினாரின் மூன்றாவது நோட்டைத் திறக்கும்வரைக்கும்.

நோட்டின் நடுவில் ஒரு பக்கத்தில் நயினார் கதிரவனையும் புவிமகளையும் மறந்துவிட்டு, பேசுகிறபடியே எழுதியிருந்தார்:

'ஒரு ப்ரொஃபசர் வந்தார். குடையும் கையுமாக. முதல் மூணு மாசம் கேள்வி மேல் கேள்வி கேட்டார். ஏன் இங்கே உட்காருகிறீர்கள், ஏன் அங்கே உட்காருவதில்லை. ஒருநாள் சுவரில் தொங்கின பழைய பையைக் காட்டி இது என்ன என்றார். காத்துப்பை என்று ஒன்று அடித்து விட்டேன். அமாவாசையில் நஷ்டம் உள்ளே போயிரும் என்றேன். மனுஷன் கண்ணில் தண்ணி வந்துவிட்டது. அன்றைக்கு மட்டும் ஒன்பது பக்கம் எழுதிக்கொண்டு போனார்.'

சுனிதா நோட்டை மூடினாள். பிறகு திறந்து மறுபடி படித்தாள். சமையலறைக்குப் போய் ஒரு டம்ளர் தண்ணீர் குடித்துவிட்டு வந்து, நாற்காலியில் உட்கார்ந்து, தனியாகச் சிரித்தாள். சிரித்து முடித்தபின்தான் கணக்குப் போட்டாள். நாலு வருஷ உழைப்பு. அறுபத்தெட்டுப் பக்கம். தேர்வாளர்களில் யாராவது ஒருவர் தாராவி தெரிந்தவராக இருந்தால் வேங்கடசுப்ரமணியன் கதை அதோடு முடிந்தது. அதைவிட, அக்டோபரில் நயினாரின் புத்தகம் வெளிவந்ததும் தாம்பூலப் பை வாங்கினவர்கள் எல்லோருக்கும் தெரிந்துவிடும்.

அவளால் யாரிடமும் சொல்ல முடியாது.

சாயங்காலம் ஜோன்ஸிடம் பெயர் இல்லாமல் சொன்னாள். அவன் ஷூவைக் கழற்றிக்கொண்டே, "ரெண்டு பேரையும் ஒரே ரூம்ல உக்கார வச்சிரு" என்றான்.

"நான் எப்படி உக்கார வைக்கிறது? அது தொழில் தர்மம் இல்ல."

"அப்போ உன் பென்சில வச்சுத்தான் ஏதாவது செய்யணும்" என்றான் அவன்.

பென்சிலை வைத்துத்தான் செய்தாள். நாலாம் அத்தியாயத்தின் ஓரத்தில் கேள்விகளை வரிசையாகப் போட்டாள். நயினாரின் நோட்டைப் பார்க்காதவள் கேட்கக்கூடிய கேள்விகளை மட்டும். 'எத்தனை பட்டறைகளில் இந்த வழக்கத்தைப் பார்த்தீர்கள்?' 'பதிலளித்தோர் 14 தவிர வேறு யாராவது சொன்னார்களா?' 'கூறப்படுகிறது என்று இருபத்தாறு இடத்தில் இருக்கிறது. கூறியது யார்?'

பதில் மறுநாளே வந்தது. 'ஒரு பட்டறை. ஆனால் மிக ஆழமான தரவு.'

'ஒரு பட்டறையில் மட்டும் இருந்தால் அது வழக்கமா, அவருடைய பழக்கமா?' என்று சுனிதா திருப்பி எழுதினாள்.

இது அவரைச் சுட்டுவிட்டது. "நீங்க பாஷையை மட்டும் பாருங்கோ மேடம்" என்று போனில் சொன்னார். இரண்டு நாள் கழித்து, "இருந்தாலும் நீங்க கேட்டது நியாயம். நான் போய் இன்னும் நாலு இடம் பாத்துட்டு வரேன்" என்றார். அவள் நிம்மதியாக மூச்சு விட்டாள். போனால் உண்மை தெரிந்துவிடும், தன் வேலை முடிந்தது என்று நினைத்தாள்.

நயினாரை அவள் குறைத்து எடைபோட்டுவிட்டாள்.

பத்து நாளில் வேங்கடசுப்ரமணியனிடமிருந்து திருத்திய அத்தியாயம் வந்தது. கூடவே பதினோரு படங்கள். பதினோரு பட்டறை, ஒவ்வொன்றிலும் சுவரில் காத்துப்பை. 'என் கருதுகோள் உறுதியாகிவிட்டது. உங்கள் கேள்விக்கு நன்றி' என்று எழுதியிருந்தார். அறுபத்தெட்டுப் பக்கம் எழுபத்தொன்பது ஆகியிருந்தது.

அதே வாரம் நயினாரிடமிருந்து ஆறாவது நோட்டு வந்தது. புத்தகத்தில் எப்படியாவது சேர்த்துவிட வேண்டும் என்று குறிப்பு வைத்திருந்தார்.

'ப்ரொஃபசர் மறுபடியும் வந்தார். வேறு பட்டறையில் பார்க்க வேண்டும் என்றார். நாளைக்கு வாங்க என்றேன். சந்தில் உள்ளவர்களிடம் சொல்லி வைத்தேன். நம்மிடம் சாயம்போன பழைய பை நாலுதான் இருந்தது. அவர் ஒரு வாசலில் டீ குடித்துக்கொண்டிருக்கும்போது மிஷின்கார இசக்கி பின்பக்கமாகப் பையை எடுத்துக்கொண்டு அடுத்த கார்கானாவுக்கு ஓடிவிடுவான். பதினோரு டீ குடித்தார். நல்ல மனுஷன்.'

சுனிதா இரண்டு கைகளாலும் தலையைப் பிடித்துக்கொண்டாள். தன் கேள்வி ஒரு பொய்யைப் பதினொன்றாக்கிவிட்டது. சிரிப்பும் வந்தது. நயினாரின் ஆறு நோட்டுகளிலும் இதுதான் மிக நன்றாக எழுதப்பட்ட இடம். ஒரு சொல்லைக்கூட அவள் தொடவில்லை.

பிறகு படங்களைத் திரையில் பெரிதாக்கிப் பார்த்தாள். படங்கள் ஆய்வேட்டுக்கு உள்ளேயே இருக்கிறவை. அவற்றைப் பார்ப்பது அவள் வேலை. அரை மணி நேரத்தில் ஓரத்தில் மூன்று குறிப்பு எழுதினாள்.

'படம் 3, 5, 9: மூன்றிலும் ஜிப் நுனியில் ஒரே சிவப்பு நூல். ஒரே பையா?'

'படம் 7: பையில் விலைச்சீட்டு தொங்குகிறது. சடங்குப் பொருளுக்கு விலை உண்டா?'

'படம் 10: சுவரில் ஆணி புதிது. சுண்ணாம்புத் தூள் இன்னும் தரையில் கிடக்கிறது.'

அதை அனுப்பிவிட்டு நயினாரின் வேலைக்குத் திரும்பினாள். அவர் நோட்டில் அவளை வேறொரு இடம் உறுத்திக்கொண்டிருந்தது. இரண்டாவது நோட்டில், தொண்ணூற்றாறில் அவருக்குக் கிடைத்த முதல் பெரிய ஆர்டர். டில்லிப் பார்ட்டி, பெண்கள் நீள வாரால் தோளில் மாட்டும் பை நானூறு. அதுவரை கவிதையாக எழுதிக்கொண்டு வந்தவர் திடீரென்று சர்க்கார் ஆபீஸ் மாதிரி எழுதியிருந்தார்: 'வாரின் அளவில் பிழை நேர்ந்தது. சரக்கு நிராகரிக்கப்பட்டது. உரிய நடவடிக்கை எடுக்கப்பட்டது.' அடுத்த வரியில் அவர் மகள் பிறந்துவிட்டாள்.

சுனிதா 'பிழை நேர்ந்தது' என்பதற்குப் பக்கத்தில் ஒரே ஒரு சொல் எழுதினாள். 'யார்?'

தட்டச்சு செய்த பக்கங்கள் போய்ச் சேர்ந்த அன்றே நயினார் கூப்பிட்டார்.

"எல்லாம் நல்லா இருக்கும்மா. கதிரவன எடுத்தது நல்லதுதான், எனக்கே ஒரு மாதிரி இருந்துச்சு. ஒரு எடத்துல 'யார்'னு போட்டிருக்கீக."

"ஆமா அண்ணாச்சி. அளவுல பிழை நேர்ந்ததுன்னு இருக்கு. யார் அளந்தது?"

"கம்பெனி அளந்துச்சு."

"கம்பெனிக்குக் கை உண்டா?"

"அந்த வரிய அடிச்சிருங்க" என்றார்.

"அடிச்சா அடுத்த மூணு பக்கம் புரியாது. எதுக்காக நாலு மாசம் பட்டறைய மூடி வச்சீங்கன்னு படிக்கிறவங்க கேப்பாங்க."

"அறுவதாம் கல்யாணத்துக்கு வாரவன் கேள்வி கேக்கவா வாரான்? சாப்பிடத்தான் வாரான்" என்றார் நயினார். ஆனால் குரலில் வழக்கமான தெம்பு இல்லை. "நேர்ல வாங்கம்மா. ஒரு நாள் உக்காந்து பேசுவோம். என்னைக்குன்னாலும் சரி."

அவள் பதில் சொல்வதற்குள் இன்னொரு அழைப்பு காத்திருந்தது. வேங்கடசுப்ரமணியன். நயினாரிடம் அப்புறம் பேசுவதாகச் சொல்லிவிட்டு அதை எடுத்தாள்.

"மேடம், படத்தையெல்லாம் பாத்தேன். பெரிசு பண்ணிப் பாத்தேன்." குரல் சுரத்தில்லாமல் இருந்தது. "என்னை வச்சு வேடிக்கை பாத்திருக்கா இல்லையா?"

"நான் படத்தில் இருக்கறத மட்டும்தான் எழுதினேன் சார்."

"தெரியறது. வியாழக்கிழமை பதினோரு மணிக்கு அந்த மனுஷனைப் போய்ப் பாக்கப் போறேன். முகத்துக்கு நேரா கேக்கணும்."

சுனிதா போனை வைத்தாள். ஜன்னல் வழியாக எதிர்க் கட்டடத்தில் காய்ந்த துணிகளைக் கொஞ்ச நேரம் பார்த்தாள். பிறகு நயினாரைக் கூப்பிட்டாள். "வியாழக்கிழமை வாரேன் அண்ணாச்சி. பதினோரு மணி வாக்குல."

அவள் யாருடைய எழுத்தையும் யாரிடமும் சொல்லவில்லை. ஒரு நேரத்தைச் சொன்னாள், அவ்வளவுதான். அப்படித்தான் தனக்குத்தானே சமாதானம் சொல்லிக்கொண்டாள். ஆனால் வியாழக்கிழமை ஆட்டோவில் போகும்போது, திரும்பிவிடலாமா என்று இரண்டு தடவை நினைத்தாள்.

கார்கானா மாடியில் இருந்தது. இரும்பு ஏணியில் ஏற வேண்டும். உள்ளே தோல் வாசனையும் தோல் ஒட்டுகிற சொல்யூஷன் வாசனையும் மூக்கில் ஏறின. நயினார் அவளை நாற்காலியில் உட்கார வைத்து டீ சொன்னார். ஓரமாக இசக்கி மிஷினில் இருந்தான். வெட்டு மேசையில் ஒல்லியாக ஒருவர் குனிந்து தோலில் அட்டையை வைத்துக் கோடு போட்டுக்கொண்டிருந்தார். பூதத்தான், ஆரம்பத்திலிருந்தே இங்கே வெட்டுகிறவர் என்று நயினார் அறிமுகம் செய்தார். பூதத்தான் தலையை மட்டும் ஆட்டினார். அவர் தலைக்கு மேலே ஓர் ஆணியில் அந்தப் பை தொங்கியது. வார் வினோதமாகக் குட்டையாக இருந்தது.

டீ வருவதற்கும் ஏணியில் குடை தெரிவதற்கும் சரியாக இருந்தது. குடைக்குப் பின்னால் வேங்கடசுப்ரமணியன் ஏறி வந்தார். சுனிதாவைப் பார்த்து நின்றுவிட்டார்.

"மேடம், நீங்க எங்கே இங்கே?"

"வேலையா வந்தேன் சார்."

"வாங்க ப்ரொஃபசர்" என்று நயினார் எழுந்தார். "இவங்கதான் நம்ம புஸ்தகத்துக்கு எடிட்டர் மேடம்."

"என்னோட தீசிஸுக்கும் இவாதான்."

இசக்கியின் மிஷின் நின்றது. நயினார் சுனிதாவைப் பார்த்தார், அவள் மடியில் இருந்த நோட்டுகளைப் பார்த்தார், ப்ரொஃபசரைப் பார்த்தார். மெதுவாக உட்கார்ந்தார்.

"அப்போ, இவரு எழுதுனதையும் நீங்க படிச்சிருக்கீக. நான் எழுதுனதையும் படிச்சிருக்கீக."

"ஆமா."

"ஒரு வார்த்தை சொல்லலியே."

"உங்களுத அவருட்டயும் சொல்லல அண்ணாச்சி."

"என்ன எழுதியிருக்கார் இவர்?" என்றார் வேங்கடசுப்ரமணியன்.

"அவர்கிட்டயே கேளுங்க சார்."

அவர் கேட்கவில்லை. பையிலிருந்து மூன்று படங்களை எடுத்து மேசையில் வரிசையாக வைத்தார். "மூணு. அஞ்சு. ஒம்பது. மூணுலயும் செவப்பு நூல்."

நயினார் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு நிதானமாகப் பார்த்தார். "நூலக் கழட்டியிருக்கணும்" என்று வாய்க்குள் சொன்னார். மிஷின் பக்கமிருந்து இசக்கி இருமுகிற மாதிரி சிரித்தான்.

"நாலு வருஷம் மிஸ்டர் நயினார்" என்றார் வேங்கடசுப்ரமணியன். அவர் கத்தவில்லை. கத்தியிருந்தால் எல்லோருக்கும் சுலபமாக இருந்திருக்கும். "நான் உங்களை நம்பினேன். ஏன் இப்படிப் பண்ணினேள்? அந்தப் பை என்னதான்?"

"அது வந்து ப்ரொஃபசர், எங்க ஊருப் பக்கத்துல..." என்று நயினார் தொடங்கினார். கண்ணில் பழைய பளபளப்பு வந்துகொண்டிருந்தது. சுனிதா பென்சிலின் பின்பக்கத்தால் மேசையை இரண்டு தட்டுத் தட்டினாள். அவர் நிறுத்திவிட்டார்.

அப்போது வெட்டு மேசையிலிருந்து, தலையை நிமிர்த்தாமலே, பூதத்தான் பேசினார்.

"அண்ணாச்சி தப்பா அளந்தாக. டில்லிப் பார்ட்டி நாப்பத்திநாலு இஞ்சு வாரு கேட்டான். இவுக சென்டிமீட்டர்னு படிச்சிட்டாக. முத துண்டு வெட்டும்போதே கேட்டேன், அண்ணாச்சி இது சின்னப் பிள்ளைக்கான்னு. சொன்னத வெட்டுன்னாக. நானூறும் வெட்டுனேன். மாட்டுனா அக்குள விட்டு எறங்காது. பார்ட்டி வந்து கத்துனான். இவுக என்னக் காட்டி, வெட்டுறவன் முட்டாள்னு சொன்னாக."

நயினாரின் முகம் சாயம் ஏற்றாத தோல் மாதிரி வெளிறியிருந்தது. "ஏல, நீ அதையெல்லாம் இன்னுமா நெனச்சிட்டிருக்க?"

"மறுநாள் ஒரு பையை எடுத்து ஆணியில மாட்டுனது நாந்தான். நீங்க கழட்டுவீகளான்னு பாத்தேன். கழட்டல. சரி, இருந்துட்டுப் போகுதுன்னு விட்டுட்டேன்."

"முப்பது வருசமா இதுக்குக் கீழயா நின்னு வெட்டுத? பெறகு எதுக்குல என்கிட்ட இருக்க?"

பூதத்தான் யோசித்தார். "எங்க போறது? தோலு நல்ல தோலா வாங்குதீக" என்றார்.

சுனிதா டீயைக் குடிக்க மறந்திருந்தாள். இத்தனை நாளும் அவள் சுவாரசியமாக ஆட்டிவைத்த விளையாட்டில் ஒருவருக்கு வலிக்கும் என்று அவள் நினைத்துப் பார்க்கவில்லை. நயினாரைப் பார்க்கப் பாவமாக இருந்தது. ப்ரொஃபசர் பையைக் காட்டிக் கேட்ட அந்த நாளில், பூதத்தான் இரண்டடி தூரத்தில் நின்றுகொண்டிருக்கும்போது, மனுஷன் வேறு என்ன சொல்லியிருக்க முடியும்? காத்துப்பை என்றுதான் சொல்லியிருக்க முடியும்.

வேங்கடசுப்ரமணியனின் கை பழக்கத்தில் சட்டைப்பையிலிருந்து சின்ன நோட்டை எடுத்துவிட்டது. எடுத்தவர் தயங்கினார். பிறகு வெட்டு மேசைக்குப் போய் நின்றார். "எழுதிக்கலாமா?" என்று பூதத்தானைக் கேட்டார்.

"நாலு வருசமா வாரீக சார். என்கிட்ட நீங்க கேக்கிற மொதக் கேள்வி இது" என்றார் பூதத்தான். "எழுதிக்கோங்க."

ப்ரொஃபசர் அன்று மூன்று மணிவரை அங்கேயே இருந்தார். நயினார் ஒரு ஓரத்தில் உட்கார்ந்து தன் நோட்டையே பார்த்துக்கொண்டிருந்தார். சுனிதா கிளம்பும்போது ஏணிவரை வந்தார்.

"வேணும்னே பதினோரு மணின்னு சொன்னீகளோ?"

சுனிதா பொய் சொல்லவில்லை. "ஆமா அண்ணாச்சி. மன்னிச்சிருங்க."

"நானும் லேசுப்பட்ட ஆளில்ல. நீங்க எனக்கு மேல இருக்கீகளே" என்றார் நயினார். கோபமா மெச்சுகிறாரா என்று அவளுக்குத் தெரியவில்லை.

அதற்குப் பிறகு நாலு நாள் அவரிடமிருந்து சத்தமே இல்லை. புத்தகத்தை வேறு யாரிடமாவது கொடுத்துவிடுவார் என்றே சுனிதா நினைத்தாள். ஐந்தாம் நாள் ஒரே ஒரு தாள் வந்தது. பல இடத்தில் அடித்து எழுதியிருந்தது. கடைசியில் தேறியது இவ்வளவுதான்: 'வாரைத் தப்பாக அளந்தது நான். பூதத்தான் முதல் துண்டிலேயே கேட்டான். நான் கேட்கவில்லை. பார்ட்டி முன்னால் பழியை அவன்மேல் போட்டு அவனை முட்டாள் என்றேன். அவன் முட்டாள் இல்லை.' கீழே, 'இதில் கதிரவன் இல்லை. சரியா?' என்று கேட்டிருந்தார்.

சுனிதா ஒரு காற்புள்ளிகூடச் சேர்க்கவில்லை. காத்துப்பையைப் பற்றிய அவர் பக்கங்களையும் அப்படியே விட்டாள். ஆனால் ப்ரொஃபசரின் சம்மதம் வாங்க வேண்டும் என்று எழுதினாள். அவர் சம்மதித்தார். "பதினோரு டீன்னு போட்டிருக்காரே, அது தப்பு. ரெண்டு இடத்துல நான் டீ வேண்டாம்னுட்டேன். ஒம்பதுன்னு போடச் சொல்லுங்கோ" என்றார்.

அவருடைய நாலாம் அத்தியாயம் பன்னிரண்டு நாளில் புதிதாக எழுதப்பட்டது. நாலு வரைபடமும் வெளிநாட்டுப் பழங்குடிகளும் போய்விட்டார்கள். முதல் வாக்கியம் தமிழில் சொன்னால் இரண்டே சொல்: 'நான் ஏமாந்தேன்.' முதலாளிகளிடம் மட்டுமே கேள்வி கேட்டுக்கொண்டு, வெட்டுகிறவரைத் தாண்டி நாலு வருஷம் நடந்துபோன கதையை அதில் எழுதியிருந்தார். பூதத்தான் சொன்னது இருபது பக்கத்துக்கு வந்தது. மொத்த ஆய்வேடு இருநூற்று எழுபதில் நின்றது. சில மாதம் கழித்து நடந்த வாய்மொழித் தேர்வில் வெளியூரிலிருந்து வந்த தேர்வாளர் மற்ற அத்தியாயங்களைப் புரட்டக்கூட இல்லையாம். நாலாவதைப் பற்றி ஒரு மணி நேரம் கேட்டுவிட்டு, இப்படி ஏமாந்ததை எழுதி வைத்த ஆய்வேட்டை இப்போதுதான் முதலில் பார்க்கிறேன் என்றாராம். வேங்கடசுப்ரமணியன் போனில் இதைச் சொல்லும்போது, ஒரு வாக்கியம்கூடப் பத்துச் சொல்லைத் தாண்டவில்லை என்பதைச் சுனிதா கவனித்தாள்.

அதற்கு முன்பே, அக்டோபரில், அறுபதாம் கல்யாணம் சயானில் ஒரு ஹாலில் நடந்தது. சுனிதாவும் ஜோன்ஸும் போயிருந்தார்கள். வேங்கடசுப்ரமணியன் முன்வரிசையில் குடையோடு உட்கார்ந்திருந்தார். மாலை மாற்றி முடிந்ததும் புத்தகம் கொடுத்தார்கள். நயினார் சொன்னது சரிதான். வாங்கினவர்களில் பாதிப் பேர் அதைக் கையில் வைத்துக்கொண்டு பந்தியைத்தான் எட்டிப் பார்த்தார்கள்.

பூதத்தான் மட்டும் ஒரு தூணோரம் நின்று புத்தகத்தைத் திறந்தார். அவருக்குத் தமிழ் எழுத்துக் கூட்டித்தான் படிக்க வரும். அந்தப் பக்கத்தை யாரோ அவருக்கு மடித்துக் கொடுத்திருந்தார்கள். ஒவ்வொரு சொல்லுக்கும் அடியில் விரலை வைத்து நகர்த்திக்கொண்டே போனார். நயினார் பட்டு வேட்டியும் மாலையுமாக மேடையிலிருந்து இறங்கி வந்து, இரண்டடி தள்ளி நின்று, வேறு எங்கோ பார்க்கிற மாதிரி பார்த்துக்கொண்டிருந்தார். நெற்றியிலிருந்து வேர்வை சந்தனத்தோடு வழிந்தது. சுனிதாவும் பக்கத்தில் வந்து நின்றாள்.

பூதத்தான் படித்து முடித்தார். "ஒரு எடத்துல தப்பு இருக்கு அண்ணாச்சி" என்றார்.

நயினார் சுனிதாவைப் பார்த்தார். சுனிதாவின் கை பென்சிலைத் தேடியது.

"முட்டாள்னு போட்டிருக்கீக. நானும் அன்னைக்குச் சபையில முட்டாள்னுதான் சொன்னேன், இவுக எல்லாரும் இருந்தாகளேன்னு. நீங்க சொன்னது அதில்லல்லா. அதவிட மோசமான வார்த்த."

நயினார் தலையைக் குனிந்துகொண்டார். "அது புஸ்தகத்துல போடுத வார்த்தையில்லல."

"அதுவும் சரிதான்" என்றார் பூதத்தான். "இருக்கட்டும், எழுதுனதே இருக்கட்டும்."

புத்தகத்தை மூடி அக்குளில் இடுக்கிக்கொண்டு பந்திக்குப் போனார். மேடையிலிருந்து நயினாரின் மனைவி, ஆசீர்வாதத்துக்கு ஆட்கள் காத்திருக்கிறார்கள் என்று இரண்டு தடவை கூப்பிட்டாள். நயினார் காதில் வாங்கியதாகத் தெரியவில்லை. கழுத்து மாலையைக் கழற்றிப் பக்கத்தில் நின்ற ஜோன்ஸின் கையில் கொடுத்துவிட்டு, வேகமாகப் போய்ப் பூதத்தானுக்கு அடுத்த இலையில் உட்கார்ந்தார்.